கிபிரும் கொழுந்துக் கூடையும்

புசல்லாவைப் பகுதித் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் சிறிது நேரம் நின்று பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். தராசு முள் எங்கே நிற்கிறது என்று பாராமல் எந்தத் தாயும் அவ்விடத்தை விட்டு நகரமாட்டார். ஈரத்துக்கு இத்தனை கிலோ, சாக்குக்கு இத்தனை கிலோ என்று கழிக்கப்படும்போது, “ஏன் ஐயா இவ்வளவு?” என்று கேட்பார். பதில் கிடைப்பதும் கிடைக்காததும் வேறு விடயம். தன் உழைப்பின் கணக்கைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதில் அவர் தெளிவாக இருக்கிறார்.

அதே கொழுந்து தேயிலையாகிக் கப்பலேறி டொலராகத் திரும்பி வந்த பின்னர் அது எங்கே செலவாகிறது என்று பார்க்கும் தராசு எம்மிடம் உண்டா? யுத்த விமானக் கொள்வனவைப் பற்றி இச்சஞ்சிகையில் எழுத வேண்டிய காரணம் இதுதான். இது கொழும்புக்காரர் விவகாரம், எமக்கென்ன என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

2021ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வருடம் மார்ச் மாதத்தில்தான், பல வருடப் போராட்டத்தின் பின், தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபா என வர்த்தமானியில் வெளிவந்தது. இவ்வளவு கொடுத்தால் தொழிலே அழிந்துவிடும் என்று கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் அந்நியச் செலாவணி மிச்சமாகும் என்பதும் ஒன்று. அதே வருடத்தில்தான், பழைய 5 கிபிர் விமானங்களைப் புதுப்பிக்க இஸ்ரேலின் அரச விமான நிறுவனத்துடன் ஏறத்தாழ 5 கோடி டொலருக்கு ஒப்பந்தம் கைச்சாத்தானது. உரத்துக்கு இல்லாத டொலர் விமானத்துக்கு இருந்தது. மறுவருடம் ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று நாடு கையை விரித்தது.

5 கோடி டொலர் என்றால் எவ்வளவு? அன்றைய உத்தியோகபூர்வ மாற்று விகிதத்தில் சுமார் 1000 கோடி ரூபா. இது எம்மில் பலருக்கு மனதில் நிற்காத தொகை. தோட்டத்துக் கணக்கில் பார்ப்போம். 2021இல் முழு நாடும் தேயிலை ஏற்றுமதியால் பெற்றது ஏறத்தாழ 130 கோடி டொலர். ஆகவே, இத்தீவின் எல்லா மலைகளிலும் பறித்த தேயிலை இரண்டு வாரம் சம்பாதித்தது இந்த ஐந்து விமானங்களுக்குச் சரி. கிலோவில் சொன்னால் சுமார் 1 கோடி 10 லட்சம் கிலோ தேயிலை. ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். நாளொன்றுக்கு 18 கிலோ பறித்தால் ஒரு பேர் என்று வைத்துக்கொண்டால், 27 லட்சம் பேர் போட வேண்டும். அட்டைக் கடியிலும் மழையிலும் நின்று 27 லட்சம் நாள்! அதுவும் புது விமானம் வாங்க அல்ல, இருந்ததைப் பழுதுபார்க்க.

பழைய லொறி வாங்கிய முதலாளிமாருக்கு இது புதினமல்ல. விலை ஒரு தரம், டயரும் எஞ்சினும் காலம் முழுதும். யுத்த விமானத்தில் இது பன்மடங்கு. ராடரின் கண்ணுக்குப் படாமல் பறக்கும் அமெரிக்காவின் எப்-35 விமானத் திட்டத்தின் ஆயுட்காலச் செலவு 2 லட்சம் கோடி டொலரைத் தாண்டும் என்று அந்நாட்டுக் கணக்காய்வு அலுவலகமே 2024இல் கூறியது. அதில் பெரும்பகுதி பராமரிப்புச் செலவு. அயல்நாடான இந்தியா அத்தகைய விமானத்தை வடிவமைத்து மாதிரிகளைச் செய்ய மட்டும் 15,000 கோடி இந்திய ரூபாயை 2024இல் ஒதுக்கியது. பெரிய நாடுகள் இப்பந்தயத்தில் ஓடட்டும். 40 வருடப் பழைய விமானத்துக்குப் புதுக் கருவி பூட்டி அப்பந்தயத்தின் வாலைப் பிடிக்க நாம் ஏன் ஓட வேண்டும்?

கிபிர் இலங்கைக்கு வந்தது 1996இல். வன்னியில் அந்தப் பெயரைச் சொன்னாலே பிள்ளைகள் பதுங்குகுழிக்கு ஓடினார்கள். அங்கே ஓடியவர்களில் எம்மவர்களும் இருந்தார்கள். 1977இலும் 1983இலும் அடிபட்டு, லயத்தை விட்டு, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறிய மலையகக் குடும்பங்கள் எத்தனை! இங்கே தங்கை பறித்த கொழுந்தின் காசில் வந்த விமானத்துக்குப் பயந்து அங்கே அண்ணன் குழிக்குள் படுத்திருந்தான். இதைவிடக் கசப்பான கணக்கு ஒன்று எனக்குத் தெரியவில்லை.

கொள்வனவு நடக்கும் விதமும் ராடரில் படுவதில்லை. 2006இல் உக்ரேனிலிருந்து நான்கு மிக்-27 விமானங்கள் ஏறத்தாழ 1 கோடி 40 லட்சம் டொலர் பெறுமதியான ஒப்பந்தத்தின் கீழ் வாங்கப்பட்டன. அவை 1980களின் தொடக்கத்தில் செய்யப்பட்டவை என்றும், பணம் இடையிலுள்ள ஒரு நிறுவனத்துக்குச் சென்றது என்றும் 2007இல் சண்டே லீடர் பத்திரிகை எழுதியது. அதன் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8ஆம் திகதி கொல்லப்பட்டார். அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. விமானக் கொள்வனவு பற்றிய பொலிஸ் விசாரணை 2015இல்தான் ஆரம்பமானது. ரஷ்யாவுக்கான முன்னாள் தூதுவர் உதயங்க வீரதுங்க 2020இல் கைதானார். குற்றச்சாட்டை அவர் மறுத்தார். இதே கொடுக்கல் வாங்கலைக் காட்டி 2024 டிசம்பரில் அமெரிக்கா அவர்மீது தடை விதித்தது. எமது காசின் கணக்கை வேறு நாடு சொல்லித்தான் அறிய வேண்டுமா?

நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கடலைக் காவல் செய்ய விமானம் வேண்டும். ஆனால் அதற்கு உதவும் டோனியர் ரக விமானத்தை 2022இல் இந்தியா தந்தது. 2024இல் அவுஸ்திரேலியாவும் ஒரு கண்காணிப்பு விமானத்தை அன்பளிப்பாகத் தந்தது. இரண்டுமே குண்டு போடும் விமானங்கள் அல்ல. 2025 நவம்பரில் டித்வா புயல் கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலையைச் சரித்துப் பாதைகளைத் துண்டித்தபோது மக்கள் அண்ணாந்து பார்த்தது ஹெலிகொப்டர் வருகிறதா என்றுதான். நிவாரணப் பணிக்குச் சென்ற விமானப்படை ஹெலிகொப்டர் ஒன்று லுணுவிலவில் வீழ்ந்து விமானி உயிரிழந்தார். அப்படிப்பட்டவர்களுக்கு நல்ல ஹெலிகொப்டர் கொடுப்பதும் பாதுகாப்புச் செலவுதான். அதற்கு யாரும் குறுக்கே நிற்கமாட்டார்கள்.

ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்தின்போதும் பாதுகாப்பு அமைச்சுக்கான ஒதுக்கீடு பாராளுமன்றத்தில் தனியாக விவாதிக்கப்படுகிறது. சம்பளம், வீடு, காணி என்று பேசும் எமது பிரதிநிதிகள் அன்றைக்கும் சபையில் இருக்க வேண்டும் என்று கேட்கிறோம். 5 கோடி டொலரில் இதுவரை கொடுத்தது எவ்வளவு? ஐந்தில் எத்தனை விமானம் பறக்கிறது? ஒரு மணிநேரம் பறக்க எத்தனை டொலர் எரிகிறது? இம்மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கி, அதைத் தமிழில் தோட்டத்துக்குக் கொண்டுவந்து படித்துக் காட்டட்டும்.