சும்மா இருக்கும் அம்மாக்கள்

“நம்ம பிள்ளைங்களுக்கு இது வராது மேடம்.” எங்கள் துறைக் கூட்டத்தில் இப்படிச் சொன்னவர் கெட்டவர் அல்ல. மாணவிகள் மேல் அக்கறை உள்ளவர், பெண்ணியம் பேசுபவர். இளங்கலைச் சமூகவியல் மூன்றாம் ஆண்டுக்கு நான் நடத்தும் அளவுசார் ஆய்வு முறைகள் தாளை விருப்பப் பாடமாக்கிவிடலாம் என்பது அவருடைய யோசனை. கணக்கென்றால் பிள்ளைகள் பயப்படுகிறார்கள்; நேர்காணலும் வாழ்க்கை வரலாறும் போதும்; எண் என்பது எப்படியும் ஆண்களின் மொழிதானே என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. “பொம்பளப் பிள்ளைக்குக் கணக்கு எதுக்கு” என்று கேட்கும் தாத்தாவும், எண்ணே ஆணாதிக்கம் என்று சொல்லும் தோழியும் என் மாணவியைக் கடைசியில் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அரசு அறிக்கையில் ஓர் அட்டவணை வந்தால் அதைத் தாண்டிக் குதித்து அடுத்த பத்திக்குப் போகும் இடம் அது.

இந்தத் தாளை நாங்கள் நடத்திவந்த லட்சணத்துக்கு அது வெறுக்கப்பட வேண்டியதுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திட்ட விலக்கத்துக்கு ஒரு சூத்திரம், ஒட்டுறவுக்கு ஒரு சூத்திரம், எஸ்பிஎஸ்எஸ்ஸில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்ற பட்டியல். பி மதிப்பு 0.05க்குக் கீழே வந்தால் இன்மைக் கருதுகோள் நிராகரிக்கப்பட்டது என்று எழுத வேண்டும். ஏன் என்று கேட்டால் மதிப்பெண் குறையும். சமையல் குறிப்பில்கூட உப்பு பார்த்துப் போடச் சொல்லியிருப்பார்கள்.

மூன்று வருடம் முன்பு மாணவிகள் தங்கள் தெருக்களில் ஒரு சிறு கணக்கெடுப்பு செய்தார்கள். பெண்களின் வேலை என்ற மாறிக்கு இரண்டே மதிப்பு: வேலை செய்தால் 1, இல்லையென்றால் 0. முக்கால்வாசி வரிசைகளில் 0. ஒருத்தி தன் அம்மாவுக்கே 0 போட்டிருந்தாள். “அம்மா என்ன பண்றாங்க?” “வீட்டுல சும்மாதான் இருக்காங்க மேடம்.” மாடு இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு. பால் கறப்பது யார்? அம்மா. புல் அறுப்பது, சாணி அள்ளுவது, சொசைட்டிக்குப் பால் கொண்டுபோய் ஊற்றுவது? அம்மா. சொசைட்டிப் புத்தகம் யார் பெயரில் இருக்கிறது? அவள் சிரித்துவிட்டாள். அப்பா பெயரில்.

அன்று பாடத்திட்டத்தை மூடிவைத்துவிட்டு, தேசியத் தொழிலாளர் ஆய்வின் குறியீட்டுப் பட்டியலை எடுத்தோம். 92 என்றால் வீட்டு வேலை மட்டும் செய்பவர். 93 என்றால் வீட்டு வேலையோடு விறகு, கீரை, மாட்டுத் தீவனம் சேகரிப்பவர், வீட்டுக்கென்று தைப்பவர், நெய்பவர். இரண்டும் உழைப்புப் படைக்கு வெளியே. 21 என்றால் குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுபவர், இவர் உள்ளே. பால் விற்கும் அம்மா 21ஆக வேண்டியவர். கேட்பவர் ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டு, அம்மாவும் “சும்மா” என்று சொல்லிவிட்டால் 92. 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் உழைப்புப் பங்கேற்பு 2017-18இல் 23.3 சதவீதம், 2023-24இல் 41.7 சதவீதம் என்ற செய்தியை இதற்குப் பிறகு என் மாணவிகள் வாசித்த விதமே வேறு. கூடியிருப்பவர்கள் எந்தக் குறியீட்டில் கூடினார்கள் என்று கேட்டார்கள். சுயதொழிலில், அதிலும் கணிசமாக அந்தச் சம்பளமில்லாத 21இல்.

2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வையும் பார்த்தோம். ஊதியமில்லா வீட்டு வேலையில் ஒரு நாளில் பெண்கள் 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். மூன்றுக்கு ஒன்று, பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் இது அன்று அந்த வேலையைச் செய்தவர்களின் சராசரி. செய்த பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். துரும்பைக்கூட நகர்த்தாத ஆண்களின் பூஜ்யங்களையும் சேர்த்துப் பெருக்கிப் பாருங்கள்: பெண்களுக்குச் சுமார் 243 நிமிடம், ஆண்களுக்குச் சுமார் 25. கிட்டத்தட்ட பத்துக்கு ஒன்று. இதற்கு ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் போதும். பூஜ்யம் எங்கே போனது என்று கேட்கும் பழக்கத்தைத்தான் கல்லூரி கற்றுக்கொடுக்க வேண்டும்.

தொடர்புப் போக்குப் பகுப்பாய்வுக்கு வந்தால் இன்னும் சுவாரசியம். கூலி வித்தியாசத்தை அளக்கும்போது கல்வி, அனுபவம், வேலை வகை எல்லாவற்றையும் கட்டுப்படுத்திய பிறகு மிஞ்சுவதுதான் பாகுபாடு என்று சொல்லிக்கொடுப்பது வழக்கம். நானும் அப்படித்தான் பல வருடம் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, “நடவும் களையும் பொம்பளைங்களுக்கு, வரப்பு வெட்டுறதும் மருந்து அடிக்கிறதும் ஆம்பளைங்களுக்கு. வேலை வகையைக் கட்டுப்படுத்தினா வித்தியாசமே காணாமப் போயிரும். ஆனா அந்த வேலையைப் பிரிச்சதே பாகுபாடுதானே மேடம்?” என்றாள். பாகுபாட்டின் விளைவையே கட்டுப்பாட்டு மாறியாகப் போட்டுப் பாகுபாட்டை மறைக்கும் இந்தத் தவறு ஆய்விதழ்களில்கூட நடக்கிறது. வராது என்று சொல்லப்பட்ட பிள்ளைகளில் ஒருத்திதான் அதைப் பிடித்தாள். களை எடுத்துவிட்டு வகுப்புக்கு வருபவள்.

நேர்காணல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புல் அறுப்பது யார் என்று கேட்டதும் நேர்காணல்தான். அந்தப் பதிலை 0 என்ற கட்டத்துக்குள் திரும்பக் கொண்டுபோய் அதை 1ஆக மாற்றவும், மாற்றினால் மொத்த முடிவும் எப்படிச் சாய்கிறது என்று காட்டவும் தெரியாவிட்டால், கேட்டது நோட்டுப் புத்தகத்தோடு நின்றுவிடும். திட்டம் போடுகிறவர் நோட்டுப் புத்தகத்தைத் திறப்பதில்லை.

கூட்டத்தில் நான் தோற்றேன். தாள் விருப்பப் பாடமாகிவிட்டது. பெண்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று காரணம் எழுதினார்கள். இப்போது செவ்வாய், வியாழன் வகுப்பு முடிந்தபின் ஆய்வகத்தைத் திறந்துவைக்கிறேன். வருகைப் பதிவு கிடையாது, மதிப்பெண் கிடையாது. கடைசி டவுன் பஸ் ஐந்தேகாலுக்கு என்பதால் ஐந்து மணிக்கே கணினிகளை அணைத்துவிட வேண்டும். போன வாரம் நாற்காலி போதாமல் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.