பாட்டியின் இடம்



தலைப்பிள்ளையை மடியில் ஏந்தும் தாய் நூலைப் படித்துத் தாய்மையைக் கற்பதில்லை. தன்னை வளர்த்த கைகளை நினைந்தே பிள்ளையைக் குளிப்பாட்டுகிறாள். தான் கேட்ட தாலாட்டையே பாடுகிறாள். அந்நினைவே இல்லாதவள் என் செய்வாள்? கனடாவின் வின்னிப்பெக், எட்மன்டன் முதலிய நகரங்களில் வாழும் தொல்குடித் தாய்மாரை எண்ணும்போது இவ்வினா நம் நெஞ்சை உறுத்துகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் 1990-களின் பிற்பகுதி வரை, 1,50,000-க்கும் மேற்பட்ட தொல்குடிச் சிறுவர்கள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, அரசின் உறைவிடப் பள்ளிகளில் வைக்கப்பட்டனர். தாய்மொழி பேசியதற்காகத் தண்டனை பெற்றவர் பலர். அப்பள்ளிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை நடத்தியவர்கள் நம் கத்தோலிக்கத் திருச்சபையினரே. இதை மறைத்துப் பேசுவது நமக்கு அழகன்று. பாப்பரசர் பிரான்சிஸ் 2022 ஜூலை 25 அன்று ஆல்பர்ட்டா மாநிலத்து மாஸ்குவாச்சிஸ் சென்று அம்மக்களிடம் மன்னிப்பு வேண்டினார்.

மன்னிப்பினால் மட்டும் தாலாட்டு திரும்பி வந்துவிடாது. மணியோசைக்கு எழுந்து, மணியோசைக்கு உண்டு, விடுதியில் வளர்ந்த சிறுமியருள் பலர், பின்னாளில் தம் பிள்ளையை அணைக்கவும் அறியாமல் தவித்தனர். வேலை தேடி நகரம் சேர்ந்த பேத்திக்கோ கேட்டறிய மூதாட்டி அருகில் இல்லை. அதிகாரியிடம் கேட்கவோ அச்சம். அச்சத்துக்குக் காரணமும் உண்டு. 'பிறப்பு எச்சரிக்கை' என்றொரு வழக்கம் இருந்தது. பிள்ளை பிறக்குமுன்னரே, தாயின் இசைவின்றி, குழந்தை நலத் துறையினர் மருத்துவமனைக்குக் குறிப்பு அனுப்பிவிடுவர். பெற்ற சில நாளிலேயே பிள்ளையை இழந்த தாய்மார் உண்டு. மானிட்டோபா மாநிலம் இதனை 2020 ஜூலையில்தான் கைவிட்டது. 2021 கணக்கெடுப்பின்படி, அந்நாட்டுச் சிறுவருள் தொல்குடியினர் நூற்றுக்கு எண்மர்கூட இல்லை. வளர்ப்பு இல்லங்களில் வாழும் சிறுவருள்ளோ பாதிக்கு மேற்பட்டோர் அவர்களே.

நகரங்களில் 1950-களிலிருந்தே தொல்குடியினர் தாமே நட்புறவு நிலையங்களைத் தோற்றுவித்தனர். 1995 முதல் அரசு உதவியுடன் மழலையர் திட்டமொன்றும் நடைபெறுகிறது. அங்கே சத்துணவும் உண்டு, முன்னோர் மொழியும் உண்டு. பெற்றோரும் பங்குகொள்வதால், மகள் கற்கும் சொல்லை அன்றே தாயும் கற்கிறாள். சில இடங்களில் மூதாட்டியர் இளந்தாய்மாருக்குப் பாசிப்பை தைக்கக் கற்பிக்கின்றனர். உலர்ந்த பாசியை உள்ளே பரப்பி, குழந்தையைக் கதகதப்பாக வைத்துக் கட்டும் பை அது. பாசி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பழங்காலத்தார் அறிவே அறிவு!

வாடகைக்கும் பாலுக்கும் திண்டாடுபவளுக்குத் தையல் எதற்கு என்பார் உளர். வாடகையும் பாலும் வேண்டும்தான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தைக்க வந்து அமர்ந்தவள், ஊசியில் நூல் கோத்தபடியே, பிள்ளைக்கு இரவில் காய்ச்சல் என்பதையும், வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னதையும் அம்மூதாட்டியிடம் சொல்லிவிடுகிறாள். அதிகாரியிடம் அவள் வாய் திறந்திருக்கமாட்டாள்.

தன் பாட்டி எவ்வூரினள், எக்குலத்தினள் என்று தேடும் இளந்தாய்மாரும் உளர். அப்பள்ளிகளின் பதிவேடுகள் பல நம் துறவற சபைகளின் காப்பகங்களில் இருக்கின்றன. அவற்றைத் தாமதமின்றித் திறந்து கொடுக்க வேண்டியவர்கள் நம்மவரே.