கருவி கண்டது, கண் காணவில்லை

சென்ற ஆண்டு என் பேத்தி புதுநன்மை வாங்கினாள். முண்டியம்பாக்கத்திலிருந்து குடும்பத்தோடு சென்றிருந்தோம். முன்வரிசையில் இடம் பிடித்துக் கைப்பேசியை உயர்த்தி, அறுபதுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்துக் குவித்தேன். மாலையில் அவள் என்னருகே வந்து அமர்ந்து, "தாத்தா, நன்மை வாங்கினப்போ எனக்கு அழுகை வந்துச்சே, பாத்தீங்களா?" என்று கேட்டாள். விடை கூற இயலாமல் கைப்பேசியைத் துழாவினேன். கண்ணீர் ததும்பிய முகம் படத்தில் இருந்தது. என் நினைவில் இல்லை. மிக அருகில் நின்றும் அதை நான் காணவில்லை.

அன்பு வாசகர்களே, இக்குறை எனக்கு மட்டும் உரியதன்று. திருமணமாயினும் தேர்த்திருவிழாவாயினும், உயர்த்திய கைகளே இன்று நம் கண்ணுக்குத் தெரிகின்றன. கருவியின்மீது பழி சுமத்துவது எளிது. ஆனால், அதே கருவியைக் கொண்டு தம் கண்ணையும் மனத்தையும் ஒருமுகப்படுத்திக் கொண்டவர்களும் உண்டு. அவர்களுள் ஒருவர் நமது ஊருக்கு அண்மையிலேயே வந்து சென்றார்.

முண்டியம்பாக்கத்திற்கு மேற்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில் திருவண்ணாமலை. தென்கிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் புதுச்சேரி. 1950ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இவ்விரு ஊர்களுக்கும் புகழ்பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸான் வந்தார். நோயுற்றிருந்த இரமண மகரிஷியைத் திருவண்ணாமலையில் படம் பிடித்தார். ஏப்ரல் 14ஆம் நாள் இரவு 8.47 மணிக்கு மகரிஷி மறைந்தார். அவ்வேளையில் ஒளிமிக்க விண்மீன் ஒன்று வானில் மெல்ல நகர்ந்து மலைக்குப் பின்னே மறையக் கண்டதாக அவர் கூறினார். உலகெங்கும் அரிய காட்சிகளைப் படமெடுத்த அவர், அதைக் கண்ணால் கண்டார், சொல்லால் பதிந்தார்.

பின்னர், அன்று பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தரைப் படமெடுத்தார். 1926 முதல் தனித்திருந்து யோக சாதனையில் ஈடுபட்டிருந்தவர் அரவிந்தர். தாம் நோக்கியிருந்த பத்து நிமிடங்களிலும் அவர் இமைக்கவே இல்லை என்று பிரெஸ்ஸான் குறித்து வைத்தார். இமையாதவரைக் கண்டறிய, காண்பவரும் இமைகொட்டாது நோக்கியிருக்க வேண்டுமன்றோ?

பிரெஸ்ஸானின் கருவி சிறிய லைக்கா காமிரா. பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றே அவருக்குப் போதுமானதாக இருந்தது. செயற்கை ஒளியைப் பாய்ச்ச அவர் விரும்பவில்லை. ஜப்பானிய வில்வித்தையையும் ஜென் தியானத்தையும் பற்றி ஒரு ஜெர்மானியர் எழுதிய நூலைத் தம் கலைக்கு வழிகாட்டியாகப் போற்றினார். அம்பு எய்பவன் முதலில் தன்னை அடக்குகிறான், படமெடுப்பவனும் அவ்வாறே.

யோகமும் ஒளிப்படமும் இணையும் இடம் இதுவே. பதஞ்சலி கூறிய எட்டு அங்கங்களில் ஐந்தாவது, புலன்களை உள்ளிழுத்தல். ஆறாவது, மனத்தை ஒன்றில் நிறுத்துதல். ஏழாவது, அந்நிலையில் இடையறாது தொடர்தல். காமிராவின் சிறு சாளரமும் பலவற்றை விலக்கி ஒன்றினை நம்முன் நிறுத்துகிறது. மூச்சுக்கும் இதில் இடமுண்டு. மங்கலான ஒளியில் காமிராவின் கதவு சற்று நீண்ட நேரம் திறந்திருக்க வேண்டும். கை சிறிதே அசைந்தாலும் படம் கலங்கிவிடும். ஆகவே, தேர்ந்த கலைஞர்கள் மூச்சை மெல்ல வெளிவிட்டு, அதன் முடிவில் உண்டாகும் சிறு அமைதியில் விசையை அழுத்துவர்.

கிறிஸ்தவர்கள் இத்தகைய பயிற்சியை மேற்கொள்ளலாமா என்று சிலர் வினவக்கூடும். 1989இல் வத்திக்கான் வெளியிட்ட தியானம் பற்றிய மடல், கீழை நாட்டு முறைகள் செபத்திற்கு முன்னாயத்தமாக உதவக்கூடும் என ஏற்றது. உடலில் தோன்றும் இதமான அமைதியையே தூய ஆவியாரின் ஆறுதலாகக் கொண்டுவிடலாகாது எனவும் எச்சரித்தது. துறவி தாமஸ் மெர்ட்டன் நண்பர் இரவலாகக் கொடுத்த காமிராவைக் கொண்டு மரவேர்களையும் பழைய நாற்காலிகளையும் பொறுமையோடு நோக்கிப் படமெடுத்தவர். 1968 நவம்பர் இறுதியில் சென்னைக்கும் மாமல்லபுரத்திற்கும் வந்தார். அடுத்த சில நாள்களில் இலங்கையின் பொலனறுவையில் கல்லில் வடித்த புத்தர் சிலைகளின் முன் நின்று நெகிழ்ந்தார், படமும் எடுத்தார். டிசம்பர் 10ஆம் நாள் பாங்காக்கில் இறந்தார். செபிப்பவரின் கையில் காமிரா இடையூறாக வேண்டியதில்லை என்பதற்கு அவரே சான்று.

பேத்தியின் கேள்விக்குப் பின் நானும் ஒரு சிறு பயிற்சியைத் தொடங்கினேன். காலையில் பத்து நிமிடம் நிமிர்ந்தமர்ந்து மூச்சின் போக்கைக் கவனிக்கிறேன். பிறகு ஏதேனும் ஒன்றை, கரும்பு ஏற்றி ஆலைக்குச் செல்லும் வண்டியையோ கிணற்றடியில் நிற்கும் வாழையையோ, கருவியின்றிச் சற்று நேரம் நோக்குகிறேன். அதன் பின்னரே ஒரு படம், ஒன்றே ஒன்று. தேவையில்லை எனத் தோன்றினால் அதுவும் இல்லை. முதல் வாரம் கை பரபரத்தது. இப்போது பல நாள்கள் படமெடுக்காமலே எழுந்து விடுகிறேன்.

சென்ற ஞாயிறு பேத்தி திண்ணையில் அமர்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். மூக்கின் நுனியில் செம்மண். உரித்ததில் பாதியைத் தம்பியின் பக்கம் தள்ளிவிட்டு, அவன் அறியாதபடி தன் பங்கிலும் இரண்டைச் சேர்த்து வைத்தாள். கைப்பேசி உள்ளே கிடந்தது. எழுந்து சென்று எடுத்து வர மனம் வரவில்லை.

பெற்றோரே, உங்கள் இல்லத்தில் அடுத்து வரும் புதுநன்மை நாளில் படமெடுக்கும் பொறுப்பை ஒருவரிடம் மட்டும் ஒப்படையுங்கள். ஏனையோர் கருவிகளைப் பையில் வைத்துவிட்டுப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். "பாத்தீங்களா?" என்று மாலையில் அது கேட்கும்போது, "பாத்தேன்டா கண்ணு" என்று தயங்காமல் சொல்ல வேண்டும்.