முற்றம் எங்கே?



வீடு கட்டப் போகிறோம் என்றதும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை அறை என்பதுதான். முற்றம் எங்கே என்று யாராவது கேட்கிறார்களா?

நாயாற்றுப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு. காற்றுக்கு என்ன குறை? 2009-இல் போர் முடிந்த பிறகு வன்னியெங்கும் உதவி வீடுகள் எழுந்தன. இந்திய வீட்டுத் திட்டத்தில் மட்டும் குடும்பம் ஒன்றுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள். தறப்பாளின் கீழ் இருந்தவர்களுக்கு அது பெரிய உதவி. குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் சீமெந்துக் கல் சுவரும் சின்ன யன்னலுமாக இருக்கும் அறைக்குள் நண்பகலில் இருந்து பாருங்கள். காற்று வாங்க வெளியே வந்தால் தெருக்கண். பெண்பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு வேகவேண்டியதுதான்.

இதே சிக்கலுக்கு 60 ஆண்டுகளுக்கு முன்பே விடை சொன்ன ஒரு வீட்டைப் பார்ப்போம், வாருங்கள். அதைக் கேட்டு வாங்கியவர் ஒரு பெண்.

அவர் ஈனா டி சில்வா. மாத்தளை அலுவிகாரையைச் சேர்ந்தவர். பத்திக் கலையில் பெயர் பெற்றவர். கொழும்பு அல்பிரட் பிளேசில் சிறு காணி ஒன்றில் வீடு கட்ட நினைத்தபோது, தான் அறிந்த கண்டி நாட்டுப் பழைய வீடுகள்போல முற்றமும் விறாந்தையும் வேண்டும், ஆனால் புதுக் காலத்து வீடாகவும் இருக்க வேண்டும் என்றார். வரைந்தவர் ஜெஃப்ரி பாவா. (பெயரைக் கேட்டதும் நம்மவரோ என்பீர்கள். தந்தை வழியில் முஸ்லிம் உறவு உண்டு.) சட்டம் படித்து வழக்கறிஞராக இருந்தவர், 38 வயதில்தான் கட்டடக் கலைஞர் ஆனார். 1960-இல் தொடங்கிய வீடு 1962-இல் முடிந்தது.

தெருவில் நின்றால் உயர்ந்த சுவரும் ஓட்டுக் கூரையும்தான் தெரியும். இவ்வளவுதானா என்று நினைப்போம். உள்ளே கால் வைத்ததும் நடுவில் வானம் பார்த்த பெரிய முற்றம், அதில் மரங்கள். சுற்றிவரத் தூண் வைத்த விறாந்தை. அறைகள் எல்லாம் அந்த முற்றத்தைப் பார்த்தே திறக்கின்றன. மூலைகளில் வேறு சிறு முற்றங்களும் உண்டு. ஒன்றைத் தாண்டி இன்னொன்று தெரிவதால் சின்னக் காணி என்பதே மறந்துவிடும். சுட்ட வெயிலில் முற்றத்துக் காற்று மேலே எழும்ப, விறாந்தை நிழலின் குளிர்காற்று அந்த இடத்துக்கு வரும். மின்விசிறி செய்கிற வேலையை முற்றமே செய்கிறது. வீட்டுப் பெண் தலைமுடி உலர்த்தலாம், மிளகாய் காயவைக்கலாம், பிள்ளையை விளையாட விடலாம்; தெருவில் போகிறவருக்கு ஒன்றும் தெரியாது. நம் பெரியவர்கள் மறைவு என்று சொன்னதும், காற்றும் வெளிச்சமும் என்று நாம் கேட்பதும் அங்கே சண்டை போடவில்லை.

2009-இல் அந்தக் காணி கைமாறியது. வீடு இடிபட வேண்டிய நிலை. கல், மரம், ஓடு எல்லாவற்றுக்கும் இலக்கமிட்டுக் கழற்றி, பெந்தோட்டைக்கு அருகே பாவாவின் லுனுகங்கத் தோட்டத்தில் 2016-இல் திரும்ப நிறுத்தி முடித்தார்கள். ஈனா அம்மையார் 2015-இலேயே காலமாகிவிட்டார்.

அது வசதியானவர் வீடு, நமக்கு எப்படி என்பீர்கள். தூணும் தேக்கும் வேண்டாம். எட்டடிக்கு எட்டடி திறந்த இடம் ஒன்றைக் குசினிக்கும் அறைக்கும் நடுவே விட்டால் போதும். கள்ளர் பயம் இருந்தால் மேலே கம்பி வலை போடலாம். நாயாற்று உப்புக் காற்றில் இரும்பு கறள் பிடிக்கும், ஆண்டுதோறும் பூச்சு வேண்டும். கூரைத் தாழ்வாரத்தை மூன்றடியாவது நீட்டுங்கள், வாடைக்காற்று மழையை உள்ளே அடிக்கும். முற்றத்துத் தரை விறாந்தையைவிட அரை அடி தாழ்ந்து, ஒரு மூலைக்குச் சரிந்து இருக்க வேண்டும். அந்த மூலையில் அகலமான குழாய் வைத்து வளவுக்குத் தண்ணீரை விடுங்கள். குழாய் ஒடுங்கினால் மாரியில் நுளம்புப் பண்ணைதான். இதையெல்லாம் அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே மேசனிடம் நீங்களே சொல்லுங்கள். வீட்டுக்காரர் சொல்வார் என்று விட்டால் அவர் அறைக் கணக்கைத்தான் சொல்வார்.