சாயமும் தும்பு முட்டாசும்

சென்ற ஆடிவேல் விழாவன்று, வெள்ளவத்தைக் காலி வீதியில், என் பேரன் தும்பு முட்டாசு கேட்டு அடம்பிடித்தான். விற்பவரிடம் வெள்ளையும் இருந்தது, சிவப்பும் இருந்தது. சீனிக்கு இயல்பான நிறம் வெண்மையே. சிறுவனோ சிவப்பையே சுட்டினான். வீடு சேர்ந்தபோது நாவும் விரலும் செந்நிறம். சட்டையிற் பட்ட கறை மும்முறை தோய்த்தும் அகலவில்லை.

சாயம் என்பது துணிக்கு உரிய சொல். மலைநாட்டார் பால் கலவாத தேநீரைச் சாயத்தண்ணீர் என்பர்; அது இலை தந்த நிறம், புறத்தே பூசியதன்று. 2024 பெப்ரவரியில் புதுச்சேரியும் தமிழ்நாடும் இம்முட்டாசு விற்பதைத் தடைசெய்தமைக்குக் காரணம், அதிற் கலந்திருந்த ரோடமின்-பி. துணிக்கும் தாளுக்கும் ஊட்டப்படும் சாயம் அது. புற்றுநோய் விளைக்கக்கூடும் என அஞ்சப்படுவது.

உணவுக்கென அனுமதி பெற்ற நிறங்களோ எனின், அவையும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை அல்ல. அவற்றுள் ஆறு நிறங்கள் சேர்ந்த பண்டங்களில், பிள்ளைகளின் செயலையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்னும் எச்சரிக்கையைப் பொறிக்குமாறு ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் விதித்துள்ளது.

தடை வேண்டுவதே. ஆயினும் விற்பவரை மாத்திரம் நோவது முறையன்று. வெள்ளையையும் அவர் வைத்திருந்தார், வாங்குவார் இலர். அன்று சிவப்புக்குக் காசு கொடுத்தவன் பண்டிதனாகிய யானே.