பெயரை மறைத்தால் கணக்கு ஏது?

செத்தவன் கூலி வாங்கினான்! வயிறு பிழைக்க அயலூர் போனவன், உள்ளூரிலே மண் சுமந்ததாகப் பணம் பெற்றான்! எழும்பாத சுவர் எழும்பிவிட்டதாம், பட்டுவாடாவும் முடிந்துவிட்டதாம்!

கதையல்ல, தோழர்களே! இராஜஸ்தானத்து ஊராட்சிகளின் மஸ்டர் ரோலிலே, கூலிப் பட்டியலிலே, கண்ட காட்சி. 1990-இல் அங்கே உழவரும் கூலிக்காரரும் கூடி மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்றோர் அமைப்பைக் கண்டனர். 1994 டிசம்பரில் கோட்கிரானா என்னும் சிற்றூரிலே ஊரைக் கூட்டி, அந்தப் பட்டியலை உரக்கப் படித்தனர். பெயர் பெயராக! இன்னார் வேலை செய்தாரா, எத்தனை நாள், எவ்வளவு வாங்கினார் என்று. கேட்டவர்களில் பலர் எழுத்தறியாதவர்கள்தாம். ஆனால், யார் மாண்டார், யார் பஞ்சம் பிழைக்கப் போனார் என்பது ஊராருக்குத் தெரியாதா? தணிக்கையாளர் கண்ணுக்குத் தப்பிய திருட்டு, ஊரார் காதிலே அகப்பட்டது.

1996 ஏப்ரலில் பியாவர் நகரிலே தெருவில் அமர்ந்தார்கள். நாற்பது நாள்! கேட்டது நிலமா? பதவியா? ஏட்டின் நகல்! 'நம் பணம், நம் கணக்கு' என்பதே முழக்கம். அந்த முழக்கம் ஊர் ஊராகப் பரவி, டில்லியின் கதவைத் தட்டித்தான் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிறந்தது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில்! கலெக்டர் ஆபீசிலே கைகட்டி நின்றவன், கேள்வி கேட்பவனானான்.

தமிழகம் 1997-லேயே, மற்ற மாநிலங்களுக்கு முன்பே, இப்படியொரு சட்டம் செய்தது. பெருமைதான். ஆனால், அதிலே விதிவிலக்குகள் மலிந்திருந்தன என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தெரிந்துகொள்வதில் தவறில்லை.

டில்லி செய்ததென்ன? 2019-இல் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் தன் கைக்குள் கொண்டுவந்தது. அது போகட்டும். 2023-இல், மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று நீண்ட பெயர் சூட்டிய சட்டத்தின் 44-ஆம் பிரிவிலே ஒரு சிறு வரியைச் செருகியது. 2025 நவம்பரில் அந்த வரி நடைமுறைக்கும் வந்துவிட்டது.

பழைய சட்டம் சொன்னதென்ன? பொது வேலைக்கும் பொது நலனுக்கும் தொடர்பற்ற சொந்த விவரத்தை, அந்தரங்கத்தைக் குலைக்கும் விவரத்தைத் தர மறுக்கலாம். பெரும் பொதுநலன் இருந்தால் அதையும் தரலாம். அதோடு ஓர் அரிய வாசகம்: பாராளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மறுக்க முடியாததை எந்த மனிதனுக்கும் மறுக்கக் கூடாது! எம்.பி.யையும் மூட்டை தூக்குபவனையும் ஒரே வரிசையில் நிறுத்திய வாசகம் அது. அதைத்தான் அடித்துவிட்டார்கள். இப்போது எஞ்சியிருப்பது, 'தனிநபர் பற்றிய தகவல்' என்றாலே மறுக்கலாம் என்பதுதான்!

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்சநீதிமன்றம் சொல்லவில்லையா என்கிறார்கள். சொன்னது. நாமும் ஏற்கிறோம். ஒருவரின் நோயையும் குடும்பத்தையும் துருவ எவருக்கும் உரிமை இல்லை. பழைய சட்டமே அதைக் காத்ததே! காக்கப்பட்டதை மறுபடி காப்பானேன்?

கூலிப் பட்டியலில் இருப்பதென்ன? பெயர்! ரேஷன் பட்டியலில்? பெயர்! வேலையைக் குத்தகை எடுத்தவன், பில்லிலே கையெழுத்திட்ட எஞ்சினீயர், எல்லாம் பெயர்தானே! 'தனிநபர் தகவல்' என்று மை பூசிவிட்டு, மொத்தத் தொகையை மட்டும் நீட்டினால், செத்தவன் வாங்கிய கூலியை எந்த ஊர் கண்டுபிடிக்கும்? கோட்கிரானாவில் எதைப் படித்திருப்பார்கள்?

அந்த வரியை நீக்குக, பழைய வாசகத்தை மீண்டும் வைத்திடுக என்று கேட்கிறோம்.

நீக்கும்வரை? பொதுநலன் மேலோங்கினால் விலக்குள்ள தகவலையும் தரலாம் என்னும் 8-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு இன்னும் உயிரோடிருக்கிறது. அதிகாரி மனம் வைத்தால்தான் என்பது அதன் குறை. ஆயினும், மனு எழுதும் தோழர்கள் அந்த உட்பிரிவைத் தவறாமல் குறிப்பிட்டு, என்ன பொதுநலன் என்பதையும் இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். மறுத்தால், மறுப்புக் கடிதம் கைக்கு வந்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு.