காப்போ போட்டா கள்ளாட்டமா?

"காப்போ மாட்டி வாசிக்கிறது ஏமாத்து வேலை"ன்னு புனேல என் பொண்ணோட கிடார் வாத்தியார் சொல்லிட்டாராம். பத்து வயசு விரல். பாரே கார்ட் அழுத்தி அழுத்தி கன்னிப்போச்சு. கிடார் இப்ப கட்டிலடியில தூங்குது.

அவ பாடறது ஐந்தரைக் கட்டை. முதல் ஃப்ரெட்ல காப்போ மாட்டி, சுலபமான ஜி கார்ட் பிடிச்சா அதே சுருதி வந்துடும். பாடறவங்களுக்குத் தகுந்த மாதிரி தம்புராவைச் சேர்க்கிறோமே, அதுவும் ஏமாத்தா? சின்ன வயசுல போலியோ வந்து இடதுகை பலம் குறைஞ்ச ஜோனி மிட்செல், கம்பிகளோட சுருதியையே மாத்தி வெச்சு, பாட்டு பாட்டா எழுதினாங்க. அவங்க கள்ளாட்டக்காரியா?

பாரே கத்துக்க வேண்டாம்னு சொல்லலை. விரல் வளரட்டும், தானா வரும். அதுவரைக்கும் புள்ள பாடட்டும்யா! காப்போ வாங்கியாச்சு. வாத்தியார் கோச்சுக்கிட்டா கோச்சுக்கட்டும்.